கட்டியின் அண்டை அயலார்

மார்பில் தென்பட்ட கட்டியிலிருந்து ஊசி வழியாக எடுத்த சிறு துணுக்கு ஒன்று, பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் நோயியல் ஆய்வகத்துக்கு வந்து சேர்கிறது. ஃபார்மலினில் ஊறி, மெழுகுக்குள் பதிந்து, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சீவலாகக் கண்ணாடித் தகட்டில் ஏறுகிறது. அதற்கு ஹெமடாக்சிலின், ஈயோசின் என்று இரண்டே சாயங்கள். நுண்ணோக்கியில் வைத்தால் செல்களின் உட்கருக்கள் ஊதா கலந்த நீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். முதன்முறை பார்ப்பவருக்கு அங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. கட்டி என்று நாம் சொல்வதற்குள் புற்றுச் செல்கள் மட்டும் இல்லை. சிறிதாக, உருண்டையாக, கருநீலப் பொட்டுகளாக லிம்ஃபோசைட்டுகள் குவிந்திருக்கின்றன. பெரிய உடலோடு மேக்ரோஃபேஜ்கள் திரிகின்றன. இடையில் நார்த்திசுச் செல்கள், கொழுப்புச் செல்கள், புதிதாக முளைத்த ரத்தக் குழாய்கள்.

இவற்றில் பாதிக்கு மேல் நோயை எதிர்ப்பதற்கென்றே உடல் வளர்த்துவைத்த செல்களாகக்கூட இருக்கலாம். பிறகு ஏன் கட்டி வளர்கிறது?

‘எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, அதனால்தான் புற்று வந்தது’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. சரியாகச் சாப்பிடவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நோயுற்ற பெண்ணின் மீதே பழி போய் விழுவதும் இந்தப் பேச்சின் வழியாகத்தான். கண்ணாடித் தகடு காட்டும் உண்மை வேறு. பெரும்பாலான மார்பகப் புற்றுகளில் எதிர்ப்புச் செல்கள் வராமல் இல்லை. வந்திருக்கின்றன. வந்த இடத்தில் புற்றுச் செல்கள் அவற்றின் வேலையை மாற்றிவிடுகின்றன. இது எப்படி நடக்கிறது என்ற கேள்வி, கடந்த 25 ஆண்டுகளில் மார்பகப் புற்று ஆய்வின் நடுவிடத்துக்கு வந்துவிட்டது. அந்த ஆய்வில் பெங்களூருக்கும் பங்கு உண்டு.

2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று கண்டறியப்படுகிறது. ஏறக்குறைய 98,000 பேர் அதனால் இறக்கிறார்கள். 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேடு வைத்திருக்கும் நகரங்களில் பெங்களூரும் ஒன்று. 1973இல் தொடங்கிய கிட்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் அந்தப் பதிவேட்டைப் பராமரிக்கிறது. இந்நகரப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று மார்பகப் புற்றுதான். மேலைநாட்டுப் பெண்களைவிட இந்தியப் பெண்களுக்கு இது ஏறத்தாழ பத்து வயது முன்னதாகவே வருகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 புரதம் ஆகிய மூன்றும் இல்லாத ‘டிரிபிள் நெகட்டிவ்’ வகை அங்கே பத்தில் ஒருவருக்குச் சற்று மேல் என்றால், இங்கே பல மருத்துவமனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. மூன்று குறிகளும் இல்லாததால் ஹார்மோன் மாத்திரைக்கோ ஹெர்-2 ஊசிக்கோ இந்த வகையில் வேலையில்லை. கட்டியைச் சுற்றியுள்ள எதிர்ப்புச் செல்களின் நடத்தை அந்தப் பெண்களின் வாழ்நாளையே தீர்மானிக்கக்கூடியது.

ஆறாத புண்

புற்றுக்குள் வெள்ளையணுக்கள் இருப்பதை 1863இலேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ எழுதிவைத்தார். நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவர் கருதினார். 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புற்று உடலெங்கும் ஒரே சீராகப் பரவவில்லை. கல்லீரலில் அடிக்கடி இருந்தது, மண்ணீரலில் அரிதாகவே இருந்தது. விதை எங்கும் விழலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று அவர் முடிவு கட்டினார்.

அந்த நிலம் எப்படிப் பண்படுகிறது என்பதற்கு 1986இல் அமெரிக்க நோயியலாளர் ஹெரால்ட் டிவோராக் ஒரு விடை சொன்னார். கட்டி என்பது ஆறாத புண் என்றார் அவர். கையில் வெட்டுப்பட்டால் முதலில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் ஓடி வருகின்றன, கிருமிகளைக் கொல்கின்றன. பிறகு மேக்ரோஃபேஜ்கள் வந்து செத்த செல்களை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. அடுத்த கட்டத்தில் அதே மேக்ரோஃபேஜ்கள் குணம் மாறி, புது ரத்தக் குழாய்கள் முளைக்கவும் புதுத் திசு வளரவும் உதவுகின்றன. அந்தச் சமயத்தில் டி செல்கள் என்ற லிம்ஃபோசைட்டுகளின் தாக்குதல் தணிக்கப்படுகிறது, ஏனென்றால் வளர்ந்துவரும் இளந்திசுவை உடலே தாக்கிவிடக் கூடாது. புண் ஆறியதும் எல்லாம் ஓய்ந்துவிடும்.

புற்றுச் செல் செய்வது இதுதான். புண்ணிலிருந்து கிளம்பும் அதே ரசாயனச் செய்திகளைத் தானும் ஓயாமல் வெளிவிடுகிறது. உடலும் ஏதோ ஓரிடத்தில் பழுது பார்க்க வேண்டியிருக்கிறது என்று ஆளனுப்பிக்கொண்டே இருக்கிறது. இடிந்த சுவரைப் பூச வந்த கொத்தனாரைப் பிடித்துவைத்துக்கொண்டு, அடுத்தவர் மனையிலும் மாடி எழுப்பிக்கொள்வதைப் போன்ற காரியம் இது.

வாசல் திறந்துவிடும் மேக்ரோஃபேஜ்

மார்பகக் கட்டிக்கு மிக அதிகமாக வந்து சேரும் எதிர்ப்புச் செல்களில் மேக்ரோஃபேஜ் முக்கியமானது. புற்றுச் செல்களும் சுற்றியுள்ள செல்களும் சி.சி.எல்-2 என்ற சிறு புரதத்தைச் சுரக்கின்றன. அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் உள்ள மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் கட்டிக்குள் நுழைகின்றன. நுழைந்த பிறகு சி.எஸ்.எஃப்-1 என்ற இன்னொரு சுரப்பு அவற்றை மேக்ரோஃபேஜ்களாக முதிரவைத்து, உயிரோடு காத்து, பழுது பார்க்கும் குணத்தில் நிறுத்திவைக்கிறது.

இதில் மேக்ரோஃபேஜின் பங்கு எவ்வளவு என்பதை 2001இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜெஃப்ரி போலார்டின் குழு சோதித்துப் பார்த்தது. மார்பகப் புற்று தானாகவே உண்டாகும்படி வளர்க்கப்பட்ட எலிகளில், சி.எஸ்.எஃப்-1 மரபணு இல்லாதவற்றையும் உள்ளவற்றையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரு பிரிவிலும் கட்டி தோன்றியது. ஆனால் மேக்ரோஃபேஜ்கள் குறைந்த எலிகளில் கட்டி கொடிய நிலைக்கு முற்றுவது தாமதப்பட்டது, நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. கட்டியைத் தோற்றுவிப்பது புற்றுச் செல்லின் மரபணுக் கோளாறு. அது பரவுவதற்குத் துணை நிற்பது உடலின் சொந்த வெள்ளையணு.

அதே கல்லூரியில் ஜான் காண்டீலிஸ் குழுவினர் உயிருள்ள எலியின் கட்டிக்குள்ளேயே நுண்ணோக்கி வழியாகப் பார்த்தபோது அந்தத் துணை எப்படிப்பட்டது என்பது தெரிந்தது. புற்றுச் செல் சி.எஸ்.எஃப்-1 சுரக்கிறது, மேக்ரோஃபேஜ் நெருங்கி வருகிறது. மேக்ரோஃபேஜ் ஈ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது, புற்றுச் செல் அதை நோக்கி நகர்கிறது. இப்படி ஒன்றையொன்று இழுத்தபடி இரண்டும் ரத்தக் குழாய் வரை போகின்றன. குழாய்ச் சுவரை ஒட்டி மேக்ரோஃபேஜ் நிற்கும் இடங்களில்தான் புற்றுச் செல்கள் ரத்தத்துக்குள் நுழைவதை அவர்கள் கண்டார்கள். இந்த இரண்டு சுரப்புகளில் ஏதேனும் ஒன்றைத் தடுத்தாலே இரண்டு செல்களின் நகர்வும் நின்றுபோனது.

விழுங்குவது மேக்ரோஃபேஜின் பிறவிக் குணம். அப்படியிருந்தும் அது ஏன் புற்றுச் செல்லை விழுங்குவதில்லை? உடலின் நல்ல செல்கள் தம்மை விழுங்காதிருக்கும்படி மேற்பரப்பில் சில புரதங்களை வைத்திருக்கின்றன. சி.டி-47 அவற்றில் ஒன்று. புற்றுச் செல்கள் அதை மிகையாக ஏந்திக்கொள்கின்றன. 2019இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், சி.டி-24 என்ற இன்னொரு புரதமும் அதே வேலையைச் செய்வதைக் கண்டறிந்தார்கள். டிரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றிலும் சூலகப் புற்றிலும் அது மிகுதியாக இருக்கிறது.

களைத்துப்போகும் டி செல்

புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்லக்கூடியது கொல்லி டி செல். புற்றுச் செல்லின் மேற்பரப்பில் தெரியும் மாறுபட்ட புரதத் துணுக்கை அடையாளம் கண்டு, ஒட்டிக்கொண்டு, அதன் சவ்வில் துளையிட்டு உள்ளே நஞ்சைச் செலுத்தும். இந்தத் தாக்குதலை ஒரு கட்டத்தில் நிறுத்தவும் உடல் வழி வைத்திருக்கிறது. இல்லையென்றால் ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் நம் திசுக்களை நாமே அழித்துக்கொண்டிருப்போம். டி செல்லின் மேல் உள்ள பி.டி-1 என்ற ஏற்பி அப்படிப்பட்ட ஒரு நிறுத்தம். ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992இல் அதைக் கண்டெடுத்தது. 2018இல் ஜேம்ஸ் ஆலிசனோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பி.டி-1ஐ வந்து தொடும் புரதத்தின் பெயர் பி.டி.எல்-1. டி செல்கள் தாக்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற செய்தியைச் சுரக்கின்றன. அதைக் கேட்ட புற்றுச் செல் தன் மேற்பரப்பில் பி.டி.எல்-1ஐக் கூட்டிக்கொள்கிறது. தாக்க வந்த செல்லின் குரலே அதைத் தடுக்கும் கருவியைப் புற்றுச் செல்லுக்குக் கொடுத்துவிடுகிறது என்பதுதான் இதில் கொடுமை. மேக்ரோஃபேஜ்களும் சேர்ந்து பி.டி.எல்-1ஐ ஏந்தி நிற்கின்றன. மீண்டும் மீண்டும் இப்படித் தடுக்கப்பட்ட டி செல், கட்டிக்குள் இருந்தும் வேலை செய்யாத களைத்த நிலைக்குப் போய்விடுகிறது.

இது ஒரு வழி. இன்னும் சில வழிகளும் புற்றுச் செல்லிடம் இருக்கின்றன. வேகமாக வளரும் கட்டி குளுக்கோஸை விழுங்கிவிட்டு லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. பட்டினியும் புளிப்பும் உள்ள அந்த இடத்தில் டி செல்லால் சரியாக இயங்க முடிவதில்லை. டி.ஜி.எஃப் பீட்டா என்ற சுரப்பு டி செல்களை அடக்குவதோடு, கட்டியைச் சுற்றிக் கெட்டியான நார்த்திசுவையும் வளர்க்கிறது. சுயத் தாக்குதலைத் தடுக்கவென்று உடல் வைத்திருக்கும் ஒழுங்காற்று டி செல்களும் கட்டிக்குள் வரவழைக்கப்படுகின்றன. ஷிமோன் சகாகுச்சி 1995இல் இனம் கண்டு, 2025இல் நோபல் பரிசில் பங்கு பெற்றது இந்தச் செல்களுக்காகத்தான். மூட்டு வாதம் போன்ற நோய்களிலிருந்து நம்மைக் காக்கும் அதே செல்கள், கட்டிக்குள் புற்றுக்குக் காவலாகிவிடுகின்றன.

நியூட்ரோஃபில் விரிக்கும் வலை

ரத்தத்தில் எண்ணிக்கையில் முதலிடம் நியூட்ரோஃபில்லுக்கு. கிருமியைக் கண்டால் இது தன் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இழைகளையே வெளியே வீசி, நொதிகள் ஒட்டிய வலையாக விரித்துச் சிக்கவைக்கும். 2004இல்தான் இந்த வலை கண்டறியப்பட்டது.

இதையும் மார்பகப் புற்று பயன்படுத்திக்கொள்கிறது. 2015இல் நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தில் கரின் டி விஸ்ஸரின் குழு, எலிகளில் ஒரு சங்கிலித் தொடரை வெளிப்படுத்தியது. மார்பில் உள்ள கட்டி மேக்ரோஃபேஜ்களைத் தூண்டுகிறது. அவை ஒரு வகை டி செல்லைத் தூண்டுகின்றன. அந்த டி செல் ஐ.எல்-17 சுரக்க, நியூட்ரோஃபில்கள் உடலெங்கும் பெருகுகின்றன. பெருகியவை கொல்லி டி செல்களை அடக்கி, நுரையீரலில் புற்று குடியேறுவதற்கு வழி செய்கின்றன. ஆக, கட்டியின் செல்வாக்கு அதன் எல்லையோடு முடிவதில்லை. எலும்பு மஜ்ஜை வரை நீள்கிறது.

2018இல் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மிகாலா எகெபிளாட் குழுவினர் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். சிகிச்சை முடிந்து பத்து, பதினைந்து ஆண்டுகள் நன்றாக இருந்த பெண்ணுக்கு மறுபடி புற்று தலைகாட்டுவது ஏன்? சில புற்றுச் செல்கள் நுரையீரல் போன்ற இடங்களில் உறங்கிக் கிடக்கின்றன. எலிகளுக்குத் தொடர்ந்து புகையிலைப் புகையையோ பாக்டீரியாவின் உறைப்பொருளையோ கொடுத்து நுரையீரலில் அழற்சியை உண்டாக்கியபோது, நியூட்ரோஃபில்கள் வலை விரித்தன. வலையில் ஒட்டியிருந்த நொதிகள் லாமினின் என்ற திசுப் புரதத்தை வெட்டின. வெட்டுப்பட்ட லாமினின் உறங்கிய செல்களைத் தட்டி எழுப்பியது. வெட்டுப்பட்ட அந்தப் பகுதியை மறைக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது விழிப்பு தடைப்பட்டது. இது எலிகளில் கண்டது. என்றாலும், மார்பகப் புற்றிலிருந்து மீண்டவர் இருக்கும் வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் வலு சேர்க்கிறது.

அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் பாசலில் நிக்கோலா ஆச்செட்டோவின் குழு, நோயாளிகளின் ரத்தத்தில் புற்றுச் செல்லும் நியூட்ரோஃபில்லும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் பயணம் செய்வதைப் பதிவுசெய்தது. துணையோடு போகும் புற்றுச் செல்கள் தனியே போவனவற்றைவிட வேகமாகப் பெருகின.

பெங்களூரின் பங்கு

இந்திய அறிவியல் கழகத்தில் இந்தக் கதையின் பல துண்டுகள் வெவ்வேறு கட்டடங்களில் ஆராயப்பட்டு வருகின்றன. மேலே சொன்ன டி.ஜி.எஃப் பீட்டா சுரப்பைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் அங்கே பேராசிரியராக இருந்த கொண்டையா. அமெரிக்காவில் ராபர்ட் வெயின்பெர்க்கிடம் ஆய்வு செய்துவிட்டு வந்த அன்னபூரணி ரங்கராஜன், மார்பகப் புற்றுச் செல் கட்டியிலிருந்து பிரிந்த பிறகு எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டார். இயல்பான மார்பகச் செல் தன் பற்றுப்பரப்பை விட்டால் செத்துவிடும். புற்றுச் செல் சாவதில்லை. ஏ.எம்.பி.கே என்ற நொதியை முடுக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்கிறது என்று அவருடைய ஆய்வகம் காட்டியது. ஒட்டியிருக்கும்போது ஆக்ட் என்ற நொதியும், பிரிந்திருக்கும்போது ஏ.எம்.பி.கே-யும் மேலோங்கும் என்ற 2018ஆம் ஆண்டுக் கட்டுரை, செல் ஒன்று தன் சூழலுக்கேற்ப ஆளே மாறுவதை விளக்குகிறது. ராம்ராய் பட் புற்றுச் செல்லைச் சுற்றியுள்ள திசுப்பொருளை ஆராய்கிறார். சித்தார்த் ஜுன்ஜுன்வாலாவின் ஆய்வகம் நியூட்ரோஃபில்லையும் மேக்ரோஃபேஜையும் நுணுகிப் பார்க்கிறது.

மோஹித் குமார் ஜாலி கணக்கின் பக்கமிருந்து வருகிறார். 2019இல் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, புற்றுச் செல்லும் மேக்ரோஃபேஜும் ஒன்றையொன்று மாற்றுவதைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்த்தார். ஒட்டிக்கிடக்கும் புற்றுச் செல் நகரும் செல்லாக மாறினால் மேக்ரோஃபேஜைப் பழுது பார்க்கும் குணத்துக்குத் தள்ளுகிறது. அந்த மேக்ரோஃபேஜோ இன்னும் பல புற்றுச் செல்களை நகரும் குணத்துக்குத் தள்ளுகிறது. ஒரே கட்டி இரண்டு வெவ்வேறு நிலைகளில் நிலைபெற முடியும் என்று கணக்கு சொன்னது. மேக்ரோஃபேஜை மட்டும் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது, இரு தரப்பையும் சேர்த்தே நகர்த்த வேண்டும் என்ற பொருள் அதில் இருக்கிறது. 2021இல் அவருடைய குழு இன்னொன்றையும் சொன்னது. முழுதாக ஒட்டாமலும் முழுதாக விலகாமலும் பாதி வழியில் நிற்கும் கலப்பு நிலைச் செல்கள் பி.டி.எல்-1ஐ மிகுதியாக ஏந்துகின்றன. கூட்டமாகப் பரவும் திறன் கொண்ட செல்கள்தான் டி செல்லிடமிருந்து தப்பும் திறனையும் பெற்றிருக்கின்றன.

நகரின் மறுகோடியில், கோரமங்கலாவில், செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் வேறொரு வகையில் உழைக்கிறது. டி.எஸ். ஸ்ரீதர், ஜோதி பிரபு ஆகியோரின் குழு 2008 முதல் மார்பகப் புற்று நோயாளிகளைச் சேர்த்து, அவர்களின் திசுவைப் பாதுகாத்து, ஆண்டுக்கணக்காக நலத்தைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. இத்தகைய நீண்டகாலத் தொகுப்பின் மதிப்பை எவ்வளவு சொன்னாலும் தகும். மேலைநாட்டுப் பெண்களின் திசுவில் கண்டதை நம் பெண்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. டிரிபிள் நெகட்டிவ் அதிகம், வயது குறைவு, கட்டி பெரிதான பிறகே வருவது என்று இங்கு எல்லாமே வேறு.

மாற்றியதை மறுபடி மாற்ற

எதிர்ப்புச் செல்களைத் திரும்பவும் நம் பக்கம் இழுக்க முடியுமா? முடியும் என்பதற்கு ஒரு சான்று பெங்களூரிலேயே தயாராகிறது. ஹெர்-2 புரதம் மிகுந்த மார்பகப் புற்றுக்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப் மருந்தின் நிகர்வடிவத்தைப் பயோகான் நிறுவனம் 2014 தொடக்கத்தில் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2017 டிசம்பரில் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, அங்கே அந்த மருந்துக்கு ஒப்புதல் பெற்ற முதல் நிகர்வடிவம் அதுதான். ஹெர்-2 செய்தியைத் தடுப்பதோடு இந்த மருந்தின் வேலை முடிவதில்லை. புற்றுச் செல்லில் ஒட்டிக்கொண்ட பின், அதன் மறுமுனை இயற்கைக் கொல்லிச் செல்களையும் மேக்ரோஃபேஜ்களையும் பற்றி இழுக்கிறது. அந்த முனையைப் பற்றும் ஏற்பி இல்லாத எலிகளில் மருந்தின் பலன் பெருமளவு குறைந்துபோனதை 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பெண்களுக்கு ஏற்றப்படும் இந்த மருந்து, அவர்களுடைய சொந்த வெள்ளையணுக்களின் துணையோடுதான் வேலை செய்கிறது.

டிரிபிள் நெகட்டிவ் வகையில் பி.டி-1 தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் வந்தது. 1,174 பெண்கள் பங்கேற்ற பன்னாட்டுச் சோதனையில், அறுவைக்கு முன் கீமோவோடு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, அறுவையின்போது புற்றே மிஞ்சாதிருந்தவர்கள் 51.2 சதவீதத்திலிருந்து 64.8 சதவீதமாக உயர்ந்தார்கள். ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 81.7 சதவீதத்திலிருந்து 86.6 சதவீதமானார்கள். 2021 ஜூலையில் அமெரிக்கா அனுமதித்தது. பக்க விளைவும் உண்டு. நிறுத்தம் நீங்கிய டி செல்கள் தைராய்டையோ குடலையோ அட்ரீனல் சுரப்பியையோ தாக்கிவிடலாம், சில பாதிப்புகள் வாழ்நாள் முழுதும் நீடிக்கலாம்.

தோல்விகளும் நடந்திருக்கின்றன. பி.டி.எல்-1ஐத் தடுக்கும் அட்டிசோலிசுமாப், பரவிய டிரிபிள் நெகட்டிவ் புற்றுக்கு 2019இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி பெற்றது. அடுத்த சோதனை பலனை உறுதிசெய்யாததால் 2021இல் நிறுவனமே அந்தப் பயன்பாட்டை விலக்கிக்கொண்டது. சி.சி.எல்-2ஐத் தடுத்தால் மோனோசைட்டுகள் வராது, புற்று பரவாது என்ற எண்ணம் எலிகளில் முதலில் பலித்தது. மருந்தை நிறுத்தியதும் எலும்பு மஜ்ஜையில் தேங்கியிருந்த மோனோசைட்டுகள் ஒரேயடியாக வெளியேறி, புற்று முன்னைவிட வேகமாகப் பரவியதை 2014இல் பாசல் ஆய்வாளர்கள் கண்டார்கள். புற்றுக்குப் பழகிவிட்ட செல்களை ஒரே பூட்டைத் திருகி வழிக்குக் கொண்டுவர முடியவில்லை.

இன்னொரு முயற்சியும் பெங்களூரில் நடக்கிறது. இங்குள்ள இம்யூனீல் நிறுவனம், புற்றுநோய் மருத்துவர் சித்தார்த்த முகர்ஜி, பயோகான் நிறுவனர் கிரண் மஜும்தார் ஷா உள்ளிட்டோர் தொடங்கியது. நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, மரபணு மாற்றி, திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சையை அது 2025 தொடக்கத்தில் அறிமுகம் செய்தது. அது ரத்த வகைப் புற்றான லிம்ஃபோமாவுக்கானது. மார்பகப் புற்றுக்கு இன்னும் கைகொடுக்காததற்கு முக்கியமான காரணம், எவ்வளவு வலுவேற்றி அனுப்பினாலும் அந்த டி செல்லும் இதே நார்த்திசுவையும் லாக்டிக் அமிலத்தையும் பி.டி.எல்-1ஐயும் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

தகட்டில் இருக்கும் எண்

இத்தனையையும் படித்துவிட்டு ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ பொடியை வாங்கக் கிளம்பினால் அது தவறான முடிவு. எதிர்ப்பைப் பொதுவாகக் கூட்டுவது என்று ஒன்று இங்கே இல்லை. கூட்டப்படுவது கொல்லி டி செல்லா, ஒழுங்காற்று டி செல்லா, வலை விரிக்கும் நியூட்ரோஃபில்லா என்பதைப் பொறுத்து விளைவு நேர்மாறாகலாம். சிகிச்சையில் இருப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடும் எந்தப் பொடியும், கீமோவோடு மோதும் ஆபத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

கேட்டுப் பெற வேண்டியது வேறொன்று இருக்கிறது. கட்டிக்குள் ஊடுருவிய லிம்ஃபோசைட்டுகள் எத்தனை சதவீத இடத்தை நிரப்பியிருக்கின்றன என்று எண்ணுவதற்குப் பன்னாட்டு நோயியலாளர் குழு 2014இல் நெறிமுறை வகுத்தது. டிரிபிள் நெகட்டிவ் வகையில் இந்த எண் கூடினால் நல்ல அறிகுறி. கீமோ எடுக்காமல் அறுவை செய்துகொண்ட ஏறக்குறைய 2,000 பெண்களின் விவரம் 2024இல் வெளிவந்தது. முதல் நிலைக் கட்டியில் லிம்ஃபோசைட்டுகள் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 95 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள். 30 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தவர்களில் அது 82 சதவீதம். ஹார்மோன் ஏற்பி உள்ள புற்றில் இதே எண் இதே பொருளைத் தராது. அதனால் தனியாக இந்த எண்ணை வைத்துக்கொண்டு கீமோ வேண்டாம் என்று முடிவெடுக்கக் கூடாது. ஆனால் எந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கடுமையான சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் யோசிக்கும்போது இது கையில் இருக்க வேண்டிய தகவல்.

இதற்குப் புது இயந்திரம் வேண்டாம், புது மருந்து வேண்டாம், வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்பவும் வேண்டாம். அதே இரண்டு சாயம் ஏறிய தகடும் பயிற்சி பெற்ற ஒரு ஜோடிக் கண்களும் போதும். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பேருந்து ஏறி கிட்வாய்க்கு வரும் பெண்ணுக்கும் இதைத் தர முடியும்.

எண்ணைப் பெறுவது எளிது. மருந்தின் விலைதான் பெரிய தடை. பெம்ப்ரோலிசுமாப் முழுச் சுற்றுக்கு லட்சக்கணக்கில் ரூபாய் ஆகும். இந்திய மருத்துவர்கள் இதற்கும் ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் வனிதா நொரோன்ஹா, குமார் பிரபாஷ் ஆகியோரின் குழு, தலை-கழுத்துப் புற்று நோயாளிகளுக்கு இதே வகை மருந்தான நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், குறைந்த விலை மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்ததை 2022இல் அவர்கள் வெளியிட்டார்கள். டி செல்லின் நிறுத்தத்தை நீக்க இவ்வளவு சிறிய அளவே போதும் என்றால், டிரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றிலும் அதைச் சோதித்துப் பார்ப்பது அவசரத் தேவை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் குறைந்த அளவு பெம்ப்ரோலிசுமாபைக் கொண்டு அந்தச் சோதனையைத் தொடங்கிவிட்டார்கள். பெங்களூர், சென்னை, வேலூர், மதுரை என்று தென்னிந்தியப் புற்றுநோய் மையங்களும் இத்தகைய சோதனைகளில் பெருமளவில் சேர்ந்தால், எந்த எதிர்ப்புச் செல்கள் சூழ்ந்த கட்டிக்கு எவ்வளவு மருந்து போதும் என்பதை நம் பெண்களின் திசுவிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.